காடி ஏர்கோன் ஹோஸை வீட்டில் மாற்றுவது: பினாங்கில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஜெலுத்தோங் பக்கம் ஒரு காடி (கார்) ஏர்கோன் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது வேறு வேலை. ஆனாலும் கோயில் வாசலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது பானட்டைத் திறந்து காட்டி, "அண்ணே, இந்த ஹோஸை நானே மாற்றலாமா?" என்று கேட்காத மாதம் கிடையாது. அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஹோஸைக் கழற்றி மாட்டுவது, ஸ்பேனா பிடிக்கத் தெரிந்த எவரும் வீட்டு வாசலில் செய்யக்கூடிய வேலை. குளிரூட்டும் கேஸை வெளியே எடுப்பதும், வாக்கம் போட்டு (பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்து) மறுபடி அடைப்பதும் மெஷின் இருக்கும் கடையின் வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்து இறங்கியவர்கள்தான் காசையும் விட்டு, கையையும் புண்ணாக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

பானட்டைத் திறந்தால் நாலைந்து குழாய் தெரிகிறது. எது கம்ப்ரஸர் ஹோஸ்?

கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரில் இரண்டு குழாய்கள் வந்து சேரும். தடிமனானது கூலிங் காயிலிலிருந்து திரும்பி வரும் ஹோஸ். ஏர்கோன் ஓடும்போது தொட்டால் ஜில்லென்று இருக்கும். மெல்லியது கம்ப்ரஸரிலிருந்து முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸருக்குப் போவது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கை சுடும்.

மற்ற இடங்களில் அலுமினியக் குழாய் இருக்க, இங்கே மட்டும் ரப்பர் ஏன்? எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஆடிக்கொண்டே இருக்கும். கண்டென்ஸரும் கூலிங் காயிலும் காடியின் உடம்போடு அசையாமல் நிற்கும். ஆடுவதையும் ஆடாததையும் இணைக்க வளையக்கூடிய பொருள் வேண்டும். அந்த ரப்பருக்கு உள்ளே கேஸ் ஊடுருவாதபடி ஒரு நைலான் படலமும், அழுத்தம் தாங்க நூல் பின்னலும் உண்டு. இரு பக்கமும் அலுமினிய முனை வைத்து நெருக்கிப் பிரஸ் செய்திருப்பார்கள். என் அனுபவத்தில் பத்து ஹோஸ் லீக் ஆனால் ரப்பரின் நடுவில் லீக் ஆனவை ஒன்றோ இரண்டோதான். மிச்சமெல்லாம் அந்தப் பிரஸ் செய்த கழுத்தில்தான்.

தடித்த ஹோஸில் தண்ணீர் சொட்டுகிறதே, லீக்கா?

இல்லை. நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு வியர்க்கிறது. ஐஸ் தண்ணீர்க் கிளாஸின் வெளியே முத்து முத்தாகப் பிடிப்பது போலத்தான். ஏர்கோன் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம் கூட.

அப்படியானால் லீக் ஹோஸில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இதில் அவசரப்படாதீர்கள். நல்ல ஹோஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, லீக்கை அப்படியே விட்டுவைத்த காடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேஸ் தனியாக ஓடுவதில்லை. கம்ப்ரஸர் எண்ணெயையும் கூட இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். அதில் ரோட்டுத் தூசி ஒட்டிக் கறுப்புப் பிசின் மாதிரி ஆகிவிடும். டார்ச் அடித்து, ஹோஸின் கழுத்தைச் சுற்றி, முக்கியமாக அடிப்பக்கம், விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால் சந்தேகம் அங்கே. ஆனால் கம்ப்ரஸரின் கிளட்ச் முகத்திலும், அதற்கு நேராகப் பானட்டின் அடியிலும் கோடு போட்டது போல் எண்ணெய் தெறித்திருந்தால் ஹோஸை விட்டுவிடுங்கள். அது கம்ப்ரஸர் தண்டின் சீல் போனதற்கான அடையாளம். ஹோஸ் மாற்றி அது தீராது.

பிறகு சோப்புத் தண்ணீர். இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தடித்த ஹோஸை எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஏர்கோன் ஓடும்போது அந்தப் பக்கம் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவுதான். நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் இரண்டு பக்கமும் சமமாகி, 30 டிகிரி வெயிலில் 97 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறி நிற்கும். ஓடும்போது வராத குமிழி அப்போது வரும். மெல்லிய ஹோஸுக்கு நேர்மாறு: ஏர்கோனை நன்றாக ஓடவிட்டு, நிறுத்திய உடனே நுரையைத் தடவ வேண்டும்.

சோப்பில் அகப்படாத சின்னக் கசிவுக்குக் கடையில் யூ.வி. சாயம் ஏற்றி நீல விளக்கில் பார்ப்பார்கள். கேஸ் முழுக்கப் போயிருந்தால் நைட்ரஜன் ஏற்றிப் பார்ப்பார்கள். டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் அங்கே மாட்டாதீர்கள். ஈரம் உள்ளே போவது ஒரு பக்கம். மிஞ்சியிருக்கும் ஆர்-134ஏ கேஸோடு (பெரும்பாலான காடி ஏர்கோனில் இருக்கும் கேஸ் இதுதான்) காற்று கலந்து அழுத்தம் ஏறினால் தீப்பிடிக்கும் கலவையாகவும் ஆகலாம்.

கேஸ் டாப்-அப் மட்டும் செய்து ஓட்டக் கூடாதா?

ஓட்டையான பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது. கேஸோடு எண்ணெயும் போகிறது என்று சொன்னேன் அல்லவா? டாப்-அப்பில் கேஸ் வரும், எண்ணெய் வராது. நாலு தடவை டாப்-அப் செய்த பிறகு கம்ப்ரஸர் காய்ந்துபோய் இறுகிவிடும். ஹோஸுக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசைப் போல் பல மடங்கு கம்ப்ரஸருக்குக் கொடுக்க நேரும்.

கேஸை நானே திறந்து வெளியே விட்டுவிடுகிறேனே?

தயவுசெய்து வேண்டாம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆர்-134ஏ திறந்த வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருப்பது, நீங்கள் போல்ட்டைத் தளர்த்திய கணமே சீறிக்கொண்டு வந்து தோலில் பட்டால் சதை உறைந்துவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பையன் இப்படித்தான் ஹோஸ் இணைப்பைத் திறந்தான். நெருப்புப் பட்டது போல இரண்டு விரல்கள் கொப்பளித்துப்போயின. மூடிய இடமாக இருந்தால் இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், மூச்சு முட்டும். பக்கத்தில் நெருப்பு இருந்தால் கேஸ் சிதைந்து நச்சு அமிலப் புகை வரும். அதனால் இந்த வேலையின் பக்கத்தில் சிகரெட் கூடாது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில் அது 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு சின்னக் காடியின் 400 கிராமை விட்டாலே 570 கிலோவுக்கு மேல். சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். 1987-இல் கையெழுத்தான மொன்ட்ரியல் ஒப்பந்தம் பழைய ஆர்-12 கேஸை ஒழித்தது. 2016-இல் அதற்குக் கிகாலியில் செய்த திருத்தம் ஆர்-134ஏ போன்றவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. மலேசியாவும் அதை ஏற்றிருக்கிறது. நம் பிள்ளைகள் வாழப்போகிற ஊர் இது. கடையில் மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

சரி, கடைக்கும் வீட்டுக்கும் வேலையை எப்படிப் பிரிப்பது?

நான் சொல்லும் வழி இது. காலையில் கடைக்குப் போய்க் கேஸை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். ஏர்கோன் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு, ஜன்னலை இறக்கி வீட்டுக்கு ஓட்டி வாருங்கள். ஹோஸை மாற்றுங்கள். அதே நாள் சாயங்காலத்துக்குள், மீண்டும் ஏர்கோன் போடாமல், கடைக்கு ஓட்டிப்போய் வாக்கமும் கேஸும் போட்டுவிடுங்கள். முதல் நாளே தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ஹோஸ் நான் மாற்றுகிறேன், கேஸ் வேலை உங்களுடையது" என்று முறையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். நட்டை நீங்கள் சரியாக இறுக்காமல் லீக் ஆனால் அந்தப் பொறுப்பு உங்களுடையது என்பதையும் அங்கேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிபந்தனை. இது கிளட்ச் உள்ள கம்ப்ரஸருக்குத்தான். ஏர்கோன் நிறுத்தினால் புல்லி மட்டும் சுற்றி, நடுத்தட்டு நின்றுவிட வேண்டும். சில காடிகளில் கிளட்ச் கிடையாது, எஞ்சின் ஓடினால் கம்ப்ரஸர் உள்ளேயும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கேஸ் இல்லாமல் ஓட்டுவது நல்லதல்ல. அப்படிப்பட்ட காடி என்றால் முழு வேலையையும் கடையிலேயே முடித்துவிடுங்கள்.

எந்தக் காடியில் நான் கையே வைக்கக் கூடாது?

ஹைப்ரிட், மின்சாரக் காடி. ஆரஞ்சு நிற வயர் போகும் கம்ப்ரஸர் என்றால் அது உயர் மின்னழுத்தம், உயிர் போகும். அதன் எண்ணெயும் வேறு. சாதாரண எண்ணெய் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு கெட்டுவிடும்.

பானட்டின் அடி ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று போட்டிருக்கும் புதிய காடிகளையும் கடைக்கே விடுங்கள். அந்தக் கேஸ் லேசாகத் தீப்பற்றும், அதற்கு மெஷினே தனி.

புது ஹோஸ் வாங்குவதா, பழையதைப் பிரஸ் செய்வதா, கடை போத்தோங்கில் (பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கும் கடையில்) தேடுவதா?

உங்கள் மாடலுக்குப் புது ஹோஸ் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். பழைய மாடல் என்றால் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைக்குப் போகலாம். உங்கள் அலுமினிய முனைகளை வெட்டி எடுத்து, புது ரப்பரைப் பொருத்தி நெருக்கித் தருவார்கள். இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ரப்பரின் மேல் ஆர்-134ஏ என்று அச்சிட்டிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். சாதாரண எண்ணெய் ஹோஸில் கேஸ் மெல்ல ஊறி வெளியேறிவிடும். இரண்டு, முனைகள் ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கும் கோணம். கழற்றும் முன்னே மார்க்கர் பேனாவால் முனையிலிருந்து ரப்பர் வரை நேர்கோடு போட்டு, படமும் எடுத்துவையுங்கள். கோணம் பத்து டிகிரி தவறினாலும் ஹோஸ் முறுக்கிக்கொண்டுதான் உட்காரும். முறுக்கிய ஹோஸ் நீடிக்காது.

போத்தோங் கடை ஹோஸை நான் சிபாரிசு செய்வதில்லை. எத்தனை வருஷம் ஆடித் தேய்ந்தது என்று யாருக்கும் தெரியாத ரப்பர் அது. முனைகளுக்காக மட்டும் வாங்கலாம்.

கழற்றி மாட்டுவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். கடையில் கேஸ் எடுத்திருந்தாலும் எண்ணெயில் கரைந்த கொஞ்சம் மிச்சம் இருக்கும். மூட்டுகளைச் சுற்றி பிரேக் கிளீனரும் பிரஷும் போட்டு அழுக்கை முழுக்க எடுங்கள். திறந்த பிறகு விழும் ஒரு மணல் துகள், ஊசித் துவாரம் வழியாகக் கேஸைக் கூலிங் காயிலுக்கு விடும் எக்ஸ்பென்ஷன் வால்வை அடைத்துவிடும்.

பெரும்பாலான சின்னக் காடிகளில் கம்ப்ரஸர் மூட்டை ஒரே போல்ட் பிடித்திருக்கும், 10-ஆம் நம்பர் சாக்கெட் போதும். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட். கடலோரத்தில் நிற்கும் நம் காடிகளில் உப்புக்காற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். துரு விலக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டு ஊறவையுங்கள். மறுநாள் முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிடி விட்டதும் தளர்த்துங்கள். நேரடியாகப் பலத்தைக் கொடுத்தால் போல்ட் தலை உடைந்து, ஒரு மணி நேர வேலை மூன்று நாள் ஆகிவிடும். போல்ட்டுக்குப் பதில் நட் போட்ட மூட்டாக இருந்தால் இரண்டு ஸ்பேனா வேண்டும், ஒன்று எதிர்ப்பக்கத்தை அசையாமல் பிடிக்க. ஒரே ஸ்பேனாவில் திருகினால் கண்டென்ஸரின் குழாயே முறுக்கிக் கிழிந்துவிடும்.

பாதி தளர்ந்ததும் நிறுத்துங்கள். 'உஸ்' என்ற சத்தம் அடங்கியபின் மீதி. கழன்ற உடனே கம்ப்ரஸர் வாயையும் கண்டென்ஸர் வாயையும் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். புது ஹோஸின் மூடியைக் கடைசி நிமிஷம் வரை எடுக்காதீர்கள்.

மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழையதைத் திரும்பப் போடக் கூடாது, பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. ஏர்கோனுக்கென்று விற்கும் ஓ-ரிங் வேண்டும், பெரும்பாலும் பச்சை நிறம். தண்ணீர்க் குழாய் ஓ-ரிங் இதற்கு ஆகாது. கம்ப்ரஸர் எண்ணெயில் தோய்த்து மாட்டுங்கள். காய்ந்த ஓ-ரிங் உள்ளே போகும்போது சுருண்டு வெட்டுப்படும். வெள்ளை டேப், சிலிக்கோன் எதுவும் வேண்டாம். மூடுவது ஓ-ரிங்தான், போல்ட்டின் மரை அல்ல.

மூட்டு கையாலேயே முழுக்க உட்கார வேண்டும். உட்காராததைப் போல்ட்டை இறுக்கி இழுக்க நினைத்தால் ஓ-ரிங் நசுங்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. சின்ன ராட்செட்டின் கழுத்தைப் பிடித்து இறுக்கினால் போதும், முழுக் கைப்பலம் கூடாது. பழைய ஹோஸ் போன வழியிலேயே புதியதும் போகட்டும். பிடித்திருந்த கிளிப், பிராக்கெட் ஒன்றையும் விடாதீர்கள். பழையது ஏன் தேய்ந்தது என்று பார்த்தால் பல சமயம் காணாமல்போன ஒரு கிளிப்தான் காரணமாக இருக்கும்.

எண்ணெய் ஊற்ற வேண்டுமா?

பழைய ஹோஸைக் கவிழ்த்து வடிவதை அளந்து, அதே அளவு, அதே வகை. வகை கம்ப்ரஸர் ஸ்டிக்கரில் இருக்கும். ஹோஸ் வெடித்து எண்ணெய் தெறித்திருந்தால் கணக்கைக் கடைக்காரரிடம் விடுங்கள். எண்ணெய் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

வாக்கம் முக்கால் மணி நேரம் போட வேண்டுமா? பத்து நிமிஷத்தில் முடிக்கிறார்களே?

வாக்கம் காற்றை எடுக்க மட்டும் என்றால் பத்து நிமிஷம் போதும். அது தண்ணீரை எடுக்கத்தான்.

என் அப்பாவின் புரோட்டோன் வீரா காடி இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. நவம்பர் மழை. ஹோஸைக் கழற்றியதும் இருட்டிவிட்டது. வாயை மூடாமல் விட்டுவிட்டு மறுநாள் மாட்டி, அவசரமாகப் பத்து நிமிஷ வாக்கம் போட்டுக் கேஸ் அடைத்தேன். குளிர்ந்தது. ஆனால் அப்பா குளுகோரில் பாலம் ஏறும்போது இருந்த குளிர், நடுப்பாலத்தில் காணாமல்போகும். பிறையில் இறங்கிக் காடியை நிறுத்திச் சாப்பிட்டு வந்தால் மறுபடி குளிரும். இரண்டு வாரம் அவர் வேர்த்து வழிய ஓட்டினார், என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உள்ளே தங்கிய ஈரம் எக்ஸ்பென்ஷன் வால்வின் ஊசித் துவாரத்தில் ஐஸாக உறைந்து அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் உருகும். அவ்வளவுதான் நோய். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

தண்ணீரைப் பம்பால் உறிஞ்ச முடியாது, ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும். அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பினாங்கு மத்தியானத்து 32 டிகிரியில், வாக்க மீட்டர் 28.5 அங்குலத்தை (பாதரச அங்குலக் கணக்கு) தாண்டினால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். முள் 30 அங்குலக் கோட்டை ஒட்டி நின்றபடி முப்பது நாற்பத்தைந்து நிமிஷம் ஓட வேண்டும். நம் வெயில் இதில் உதவிதான் செய்கிறது. பிறகு பம்பை மூடி, கால் மணி நேரம் முள் அசைகிறதா என்று பாருங்கள். மெல்ல ஏறினால் ஒன்று லீக், இல்லை ஈரம் மிச்சம். இரண்டில் எதுவானாலும் கேஸ் அடைக்க விடாதீர்கள்.

ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் மாற்ற வேண்டுமா?

ஹோஸ் வெடித்துப் பல நாள் திறந்து கிடந்தால், மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் மூடிவிட்டீர்கள் என்றால் அவசியமில்லை.

கேஸ் அடைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எடை. பானட் ஸ்டிக்கரில் இத்தனை கிராம் என்று இருக்கும், சின்னக் காடிகளில் பெரும்பாலும் 350 முதல் 500-க்குள். தராசு வைத்து அளந்து அடைக்கச் சொல்லுங்கள். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை, நிற்கும்போது மீட்டர் காட்டும் அழுத்தம் வெயிலைப் பொறுத்ததே தவிரக் கேஸின் அளவைப் பொறுத்ததல்ல. மீட்டர் பார்த்து மட்டும் அடைப்பவர் குத்துமதிப்பாகத்தான் அடைக்கிறார். அதிகமானாலும் குளிராது. அடைத்த பின் எஞ்சினை 1,500 சுற்றில் வைத்து, நீல மீட்டர் (குளிர்ந்த பக்கம்) 30 முதல் 45 பி.எஸ்.ஐ.-க்குள்ளும், சிவப்பு (சூடான பக்கம்) 200 முதல் 250-க்குள்ளும் நின்றால் நம் வெயிலுக்குச் சரி.

விலை மலிவான, பெயர் தெரியாத கேஸை ஒதுக்குங்கள். 2011-இல் கப்பல் குளிர்க் கன்டெய்னர்கள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள். போலிக் கேஸில் கலந்திருந்த மெத்தில் குளோரைட் அலுமினியத்தைத் தின்று, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கியதுதான் காரணம். நம் காடியின் காயிலும் கண்டென்ஸரும் அதே அலுமினியம்தான்.

என் ஹோஸ் தைப்பூச நெரிசலில் வெடித்தது. புதியதும் வெடிக்குமா?

முதலில் கண்டென்ஸர் ஃபேனைப் பாருங்கள். தண்ணீர்மலைப் பக்கம் ஊர்ந்து போகும்போது முன்னாலிருந்து காற்று வராது. அந்த ஃபேன் ஒன்றுதான் கண்டென்ஸரைக் குளிரவைக்கிறது. அது நின்றாலோ மெதுவாகச் சுற்றினாலோ சூடான பக்கத்தின் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். இருப்பதிலேயே பலவீனமான இடம் எதுவோ அது போகும். வயதான ஹோஸ் என்றால் ஹோஸ். காரணத்தைச் சரி செய்யாமல் மாட்டினால் அடுத்த முறை ஹோஸ் தாங்கும், கம்ப்ரஸர் போகும். கண்டென்ஸரில் அடைந்திருக்கும் தூசியையும் பூச்சியையும் அப்போதே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், அதிக அழுத்தம் வேண்டாம், தகடுகள் மடங்கும்.

பழைய ஹோஸைக் குப்பையில் போடலாமா?

ரப்பரை வெட்டிப் போடுங்கள். அலுமினிய முனைகளைத் துடைத்து, எந்த முனை எந்தப் பக்கம் என்று எழுதி ஒரு பையில் போட்டு வையுங்கள். உங்கள் மாடலுக்கு ஹோஸ் வருவது நின்றுபோகும் நாளில், பிரஸ் கடைக்குக் கொண்டுபோக அந்த முனைகள்தான் இருக்கும்.